வயிற்றுக்கு ஒரு சீட்டு, இதயத்துக்கு ஒரு சீட்டு

எனக்கு இரண்டு நோய்கள். ஒன்று, சாப்பிட்டது புளித்துக்கொண்டு தொண்டை வரை ஏறும் எதுக்களிப்பு. நாற்பது வயதிலிருந்து அதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இன்னொன்று ஐம்பதைத் தாண்டிய பிறகு வந்தது. இருந்தாற்போலிருந்து இதயம் தாளம் தப்பி ஓடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர், சுருக்கமாக ஏஎஃப் என்பார்கள். வயிற்றுக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர். இருவருமே கெட்டிக்காரர்கள், பொறுமைசாலிகள். ஆனால் ஒருவர் எழுதிய சீட்டு இன்னொருவர் கண்ணில் படாமலே ரொம்ப நாள் ஓடியது. இந்த இரண்டு நோய்க்கும் என்ன உறவு என்று தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். அந்த இரண்டு சீட்டுக்கும் என்ன உறவு என்று கேட்டபோதுதான் எனக்கு நிஜமான நிவாரணம் கிடைக்க ஆரம்பித்தது.

கொளத்தூரில் வீடு, புரசைவாக்கத்தில் பள்ளிக்கூடம், கணக்கு டீச்சர் வேலை. படபடப்பு எனக்குப் பகலில் வந்ததே இல்லை என்று சொல்லலாம். சென்னையில் கல்யாண ரிசப்ஷன் என்றால் மேடையில் கை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு பந்தியில் உட்காரவே ஒன்பதரை ஆகிவிடும். வீட்டுக்கு வந்து புடவை மாற்றிப் படுத்தால், முதலில் நெஞ்சுக்கரிப்பு, பிறகு புளித்த ஏப்பம், அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு. கோழிக்குஞ்சைக் கைக்குள் பொத்திப் பிடித்தால் எப்படித் துடிக்குமோ அப்படி. நாடியைப் பிடித்துப் பார்த்தால் வேகமாக ஓடுவது மட்டுமில்லை, ஒழுங்கே இருக்காது. இரண்டு அடிக்கும், ஒன்று தவறும், மூன்று சேர்ந்து ஓடும்.

"வாயுதான்மா. ஓமத்தை மென்னுட்டு வெந்நி குடி" என்பார் என் அத்தை. ஸ்டாஃப் ரூமில், மாதவிடாய் நிற்கும் வயசு, டென்ஷன் என்றார்கள். என் கணவர் தெருமுனைக் கடையிலிருந்து சோடா வாங்கி வந்தார். சோடா குடித்தால் ஏப்பம் வரும், உடனே லேசான மாதிரி இருக்கும். ஆனால் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் இரைப்பையை அந்த வாயு இன்னும் ஊதிவிடும். எனக்கு சோடா குடித்த இரவுகள்தான் மோசமான இரவுகள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் நெஞ்சில் என்ன வந்தாலும் முதலில் குற்றவாளி ஆவது வாயு. எங்கள் தெருவிலேயே ஒருவர் விடியற்காலையில் வந்த நெஞ்சு வலிக்கு ஈனோ குடித்துவிட்டுப் பத்து மணி வரை சாய்வு நாற்காலியில் இருந்தார். ஈசிஜி எடுத்தபோது அது மாரடைப்பு. ஜெலுசிலோ ஈனோவோ குடித்ததும் வலி குறைந்தது என்பதால் அது இதய வலி இல்லை என்று ஆகிவிடாது. டாக்டர்களே அதை ஓர் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் மாரடைப்பு வெறும் அஜீரணம் மாதிரி, களைப்பு மாதிரி வரலாம். வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, கண் இருட்டிக்கொண்டு வருவது, இதில் எது சேர்ந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். முதலில் இதயத்தைப் பார்த்துவிட்டு, அது சரியாக இருந்தால் வயிற்றுக்கு வரலாம். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

என் முதல் ஈசிஜி சுத்தமாக இருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. சாதாரண ஈசிஜி பதிவு செய்வது சுமார் 10 விநாடி. ராத்திரி பதினொரு மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போய்விடும் கோளாறு, மறுநாள் காலை பதினோரு மணிக்கு லேபில் வந்து நிற்குமா? அதனால் 24 மணி நேரம் உடம்பிலேயே ஒட்டி வைத்திருக்கும் ஹோல்டர் கருவியை மாட்டினார்கள். அது மே மாதம். சென்னையின் மே மாதத்தில் நெஞ்சில் ஒட்டுவில்லைகளை ஒட்டிக்கொண்டு திரிவது என்ன என்பதை மாட்டியவர்களிடம் கேளுங்கள். வியர்த்து வியர்த்து ஒரு வில்லை கழன்றுவிட்டது. முன்கூட்டியே லேபில் கேட்டு இரண்டு வில்லைகள் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்குக் குளிக்க முடியாது என்பதால் மாட்டப் போகும் முன்பே குளித்துவிட்டு, பவுடரோ எண்ணெயோ தடவாமல், தளர்வான பருத்தித் துணியில் போக வேண்டும். இன்னொன்று, ஹோல்டர் மாட்டிய நாளில் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுச் சாதுவாகப் படுத்திருந்தால் ஒன்றும் பதிவாகாது. என்ன செய்தால் படபடப்பு வருமோ அதையெல்லாம் செய்யலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "வழக்கம்போல இருங்க, அதுதான் வேணும்" என்றார். அன்று ராத்திரி பரோட்டா சாப்பிட்டேன்.

அதிலும் ஏஎஃப் அகப்படவில்லை. தாளத்துக்கு நடுவே முந்திக்கொண்டு வரும் கூடுதல் துடிப்புகள் மட்டும் கொஞ்சம் பதிவாகியிருந்தன. மழைக்காலத்தில் ஒரு ராத்திரி படபடப்பு நிற்காமல் ஓடியபோது, பக்கத்தில் இருந்த நர்சிங் ஹோமின் எமர்ஜென்சிக்கு ஆட்டோவில் போனோம். டியூட்டி டாக்டர் உடனே ஈசிஜி எடுத்தார். நோய் நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த அந்த ஒரு தாள்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னது. அந்தத் தாளை உடனே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஜெராக்ஸும் போட்டுவிடுங்கள். ஈசிஜி தாளில் பலவும் வெப்பத்தில் அச்சாகும் வகை. ஃபைலில் வைத்திருந்தால் சில வருஷத்தில் கோடுகள் மங்கிவிடும், பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம். இப்போது கையில் கட்டும் வாட்சே ஈசிஜி எடுக்கிறது. என் மகளுடையதில் இரண்டு தடவை பதிவு செய்து டாக்டருக்கு அனுப்பியிருக்கிறேன். ஏஎஃப் சந்தேகத்துக்கு அது உதவும். மாரடைப்பு இல்லை என்று சொல்ல அது போதாது.

சரி, வயிறு எப்படி இதயத்தைத் தொந்தரவு செய்யும்? இதய டாக்டர் ஒரு படம் போட்டுக் காட்டினார். உணவுக்குழாய், இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால் இறங்குகிறது. இரண்டுக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். இந்த நெருக்கத்தை நம்பித்தான் வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் கருவியை இறக்கி எடுக்கும் எக்கோவே இருக்கிறது. அந்த மேலறைக்குள் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க அது நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவைவிடத் தெளிவு. ஏஎஃப் கிளம்புவது பெரும்பாலும் அந்த இடது மேலறையிலும் அதில் வந்து சேரும் நுரையீரல் சிரைகளின் வாயிலிலும். அங்கே சூடு வைத்துச் சரிசெய்யும் அப்லேஷன் சிகிச்சையின்போது உணவுக்குழாய் வெந்துவிடாமல் இருக்க, குழாய்க்குள் வெப்பமானி வைத்துக் கண்காணிப்பார்கள். முடிந்த பிறகு சில வாரங்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் தருவார்கள்.

இன்னொரு வழி வேகஸ் நரம்பு. மூளையிலிருந்து கிளம்பி, இதயத்துக்குக் கிளை விட்டு, உணவுக்குழாயைச் சுற்றிக்கொண்டே உதரவிதானத்தைத் தாண்டி இரைப்பைக்குப் போகிறது. வயிறு உப்பினாலோ, குழாயின் சுவர் அமிலத்தால் எரிந்தாலோ அந்த நரம்பு தூண்டப்படலாம். இரவில் ஏற்கெனவே அதன் கை ஓங்கியிருக்கும். இதனால்தான் சிலருக்கு ஓடும்போதும் வேலை செய்யும்போதும் வராத ஏஎஃப், நிறையச் சாப்பிட்டுப் படுத்தால் வருகிறது. வயிற்று வாயுவால் வரும் இதயத் தொந்தரவுகளை லுட்விக் ரோம்ஹெல்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அத்தையிடம் இதைச் சொன்னேன். "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி என்பதை மறுக்க முடியவில்லை.

மீதிப் பாதிதான் ஆபத்து. எதுக்களிப்பு இருப்பவர்களிடம் ஏஎஃப் கொஞ்சம் அதிகமாகக் காணப்படுகிறது என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் உடல் எடை, வயது, மது, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, இவை இரண்டு நோய்க்கும் பொதுவான காரணங்கள். ஒன்றை இன்னொன்று உண்டாக்குகிறதா, இரண்டையும் மூன்றாவது ஒன்று உண்டாக்குகிறதா என்பதை ஒவ்வொருவர் உடம்பிலும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். வயிற்றைச் சரிசெய்தால் ஏஎஃப் போய்விடும், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொந்தக்காரர் ஒருவர் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். ஏஎஃப்பில் மேலறை ஒழுங்காகச் சுருங்காது. ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போனால் பக்கவாதம். யாருக்கு அந்த மாத்திரை வேண்டும் என்பதை வயது, பிபி, சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். நெஞ்செரிச்சல் அந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

எண்டோஸ்கோப்பியில் எனக்குச் சின்ன ஹையாட்டஸ் ஹெர்னியா இருப்பது தெரிந்தது. அதாவது இரைப்பையின் மேல்நுனி உதரவிதானத்தின் ஓட்டை வழியாக மார்புக்குள் எட்டிப் பார்க்கிறது. குழாயில் லேசான புண். பெரிய விஷயம் இல்லை என்றார் வயிற்று டாக்டர். எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது மாத்திரைப் பட்டியல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரீட்சைப் பேப்பர் திருத்தும் மேஜையில் எல்லா அட்டைகளையும் பரப்பி, ஒரு முழுத்தாளில் நான்கு கட்டம் போட்டேன். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து, யார் எழுதியது. பிராண்டு பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைத்தான் எழுத வேண்டும். பிராண்டு கடைக்குக் கடை மாறும். அந்தத் தாளின் இரண்டு பிரதிகளை இரண்டு டாக்டர்களிடமும் கொடுத்தேன். அதற்குப் பிறகு நடந்த மாற்றங்களைச் சொல்கிறேன். இவை எனக்கு ஆனவை, என் டாக்டர்கள் செய்தவை. நீங்களாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

முதலில் போனது டாம்பெரிடோன். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலோடு இதைச் சேர்த்த காப்ஸ்யூல் நம் ஊரில் எல்லா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி மேலும் இருக்கும். கேஸ் மாத்திரை என்றால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதும் அதுதான். டாம்பெரிடோன் வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் நல்ல மருந்து. ஆனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்சார ரீதியாகத் தயாராக எடுக்கும் நேரத்தை அது நீட்டக்கூடும். ஈசிஜியில் க்யூடி என்று அளப்பது அதைத்தான். ரொம்ப நீண்டால் கீழறைகளில் ஆபத்தான தாளக் கோளாறு வரலாம். இது ஏஎஃப் இல்லை, வேறு வகை, அதைவிட மோசம். 2014இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் இதை ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேலும் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. இதே வேலைக்கு முன்பு புழங்கிய சிசாப்ரைடு இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்கச் சந்தையிலிருந்து 2000இல் போனது, இந்தியாவில் 2011இல் தடையானது. டாம்பெரிடோனோடு சளிக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் கடையில் கேட்டு வாங்கிப் போட்டால், க்யூடியை நீட்டும் இரண்டு மருந்து ஒரே சமயத்தில் உடம்பில் இருக்கும். எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் இரண்டும் ஒரே கவரில் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

அடுத்து மெக்னீசியம். பான்டோபிரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல் வகை மாத்திரைகளை நீண்ட நாள் எடுப்பவர்களில் சிலருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் இறங்கிவிடும். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011இல் இதற்கு எச்சரிக்கை வெளியிட்டது. மெக்னீசியம் குறைந்தால் இதயத் தாளம் கெடும். ஆக, எதுக்களிப்புக்கும் படபடப்புக்கும் நடுவே சில சமயம் பாலம் போடுவது எதுக்களிப்பின் மருந்தாகவே இருக்கலாம். வழக்கமான ரத்தப் பரிசோதனை பேக்கேஜில் மெக்னீசியம் வராது, தனியாகச் சொல்லி எடுக்க வேண்டும். எனக்குக் கீழ் எல்லையை ஒட்டி இருந்தது. வயிற்று டாக்டர் மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து எரியும், அதனால்தான் படிப்படியாக. காலை டிபனுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும் என்றும் சொன்னார். சாப்பிட்ட பிறகு போடுகிறவர்கள் நிறைய. அப்போது அதன் வேலை பாதிதான் நடக்கும்.

பிபிக்கு நான் எடுத்துக்கொண்டிருந்தது ஆம்லோடிபின். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத் தசையை இந்த வகை மருந்துகள் தளர்த்தக்கூடும், எதுக்களிப்பு கூடும். இதய டாக்டர் அதை டெல்மிசார்டனாக மாற்றினார். ரத்தம் உறையாமல் இருக்க எனக்கு அபிக்சபான். டாபிகட்ரான் என்ற இன்னொரு மருந்து இருக்கிறது. அந்தக் காப்ஸ்யூலுக்குள் டார்டாரிக் அமிலம் உண்டு, அஜீரணமும் எரிச்சலும் வரலாம் என்பதால் என் வயிற்றைக் கேட்டுவிட்டு அதைத் தவிர்த்தார். இதெல்லாம் அந்த ஒற்றைத் தாள் கையில் இருந்ததால் பத்து நிமிஷத்தில் நடந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் ஊர் சொன்னதும் என் நோட்டுப் புத்தகம் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. படபடப்பு வந்த நேரம், என்ன சாப்பிட்டேன், சாப்பிட்டு எத்தனை நேரம், எந்தப் பக்கம் படுத்திருந்தேன் என்று எழுதி வைத்தேன். புளி, காரம், ஃபில்டர் காபி என்று எல்லாவற்றையும் விடச் சொன்னவர்கள் உண்டு. வத்தக்குழம்பு மத்தியானம் சாப்பிட்டால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ராத்திரி சாப்பிட்டால் எரிந்தது. காபி வெறும் வயிற்றில் எரிந்தது, இட்லிக்குப் பிறகு குடித்தால் சமத்தாக இருந்தது. காபி விஷயத்தில் நான் சண்டைக்குத் தயாராகவே இருந்தேன், தேவைப்படவில்லை. அளவாகக் குடித்தால் ஏஎஃப் அதிகமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்று இதய டாக்டரே விட்டுவிட்டார். மிச்சம் நின்ற காரணங்கள் இரண்டு: எட்டரைக்கு மேல் சாப்பிடுவது, வயிறு முட்டச் சாப்பிடுவது. ரிசப்ஷனுக்கு இப்போது வீட்டிலேயே இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். பந்தியில் உட்காராமல் வந்தால் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் பாயசம் மட்டும்.

படுக்கையில் ஒரு சிக்கல் இருந்தது. எதுக்களிப்புக்கு இடது பக்கம் படுப்பது நல்லது. அப்போது இரைப்பை குழாய்க்குக் கீழே இருக்கும், அமிலம் ஏறாது. ஆனால் இடது பக்கம் படுத்தால் இதயம் மார்புச் சுவரை நெருங்கி, ஒவ்வொரு துடிப்பும் மெத்தையில் கேட்கிற மாதிரி இருக்கும். பலரும் இதனாலேயே பயந்து வலது பக்கம் புரள்கிறார்கள், எரிச்சல் கூடுகிறது. நான் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆசாரியிடம் சொல்லி அரை அடிக்குக் கொஞ்சம் மேல் உயரத்தில் கட்டைகள் வைத்தேன். தலையணையை அடுக்குவது சரிவராது; வயிறு மடங்கி அழுத்தம் கூடும். முதலில் சில நாள் காலடிக்குச் சறுக்கிக்கொண்டே போனோம். என் கணவர் இன்னும் முணுமுணுக்கிறார்.

எடையைக் குறைக்கச் சொன்னதை நான் வழக்கமான அறிவுரை என்றுதான் நினைத்தேன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து 2015இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அப்படியே வைத்திருந்த ஏஎஃப் நோயாளிகளுக்குத் தாளக் கோளாறு வெகுவாகக் குறைந்தது. எதுக்களிப்பும் எடையோடு குறையும். இரண்டு நோய்க்கும் சேர்த்து வேலை செய்கிற, ஒன்றுக்கொன்று முட்டாத மருந்து இது ஒன்றுதான் என் பட்டியலில். ரெட்டேரிப் பக்கம் நடக்கிறேன், மெதுவாக இறங்குகிறது. குறட்டைக்கான தூக்கப் பரிசோதனையும் செய்தார்கள், எனக்குப் பிரச்சினை இல்லை. குறட்டை பலமாக விட்டு, பகலில் தூங்கி வழிகிறவர்கள் அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

இன்னும் கவனமாக இருக்க வேண்டியது வலி மாத்திரையில். மழைக்காலம் முடிந்தால் சென்னையில் காய்ச்சலும் மூட்டு வலியும் வீடு வீடாகப் போகும். அபிக்சபான் எடுக்கிற எனக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் ஆகாது. ரத்தக் கசிவு வரலாம், புண்ணான வயிற்றில் இன்னும் சுலபமாக வரும். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் எனக்குப் பாராசிட்டமால்தான், அதையும் அளவு கேட்டுத்தான்.

படபடப்பு அறவே நிற்கவில்லை. எப்போதாவது வருகிறது, சீக்கிரம் அடங்குகிறது. அதிகமானால் அப்லேஷன் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார் இதய டாக்டர். அதற்கு முன் இன்னொரு ஹோல்டர் எடுக்க வேண்டுமாம். மார்கழியில் வைத்துக்கொள்ளலாமா டாக்டர் என்று கேட்டு, தேதி வாங்கி வந்திருக்கிறேன்.